தங்கையின் பெயரில் ஒரு கம்பெனி

எனக்குப் பதினைந்து வயதாகும்வரை என் பெயரில் ஒரு பஸ் ஓடிக்கொண்டிருந்தது. தென்காசியில் புறப்பட்டுச் சுரண்டை போய்த் திரும்பும். சாரல் காலத்தில் இடையிடையே குற்றாலத்துக்கும் விடுவார்கள். நான் நடை பழகிய வருஷம் அப்பா வாங்கிய வண்டி அது. எனக்கு ஊர்க் கோவில் அம்மனின் பெயர். வண்டியின் நெற்றியிலும் அதையே சிவப்பு எழுத்தில் எழுதச் சொல்லி, கீழே மோட்டார் சர்வீஸ் என்று போட வைத்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் யாராவது "அவ வந்துட்டாளா, போயிட்டாளா?" என்று கேட்டால் அது வண்டியைப் பற்றிய பேச்சு. அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் நான் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன்.

தங்கை எனக்கு நான்கு வயது இளையவள். அவள் வயிற்றில் இருந்தபோது அம்மா ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தாளாம். அதில் வந்த கதாநாயகியின் பெயரைத்தான் குழந்தைக்கு வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வைத்துவிட்டாள். அப்பாவுக்கு அந்தப் பெயர் வாயில் நுழையவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகும் அவளைச் 'சின்னவ' என்றே கூப்பிட்டார். என் பெயரில் எங்கள் தெருவிலேயே நாலைந்து பேர் இருந்தோம். தங்கையின் பெயரில் தென்காசி முழுக்கத் தேடினாலும் ஒருத்தி கிடைக்கமாட்டாள். அதை அப்போது அவளுக்கு ஒரு குறை என்றுதான் நான் நினைத்தேன்.

ஐம்பதுகளின் கடைசியில் அப்பா, அம்மாவின் தம்பியைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு இன்னொரு வண்டி வாங்கினார். அந்த மாமாதான் திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆடிட்டரை வீட்டுக்குக் கூட்டி வந்தார். ஒல்லியான மனிதர். காபியை ஆற்றி ஆற்றிக் கடைசியில் பச்சைத் தண்ணீர் மாதிரிதான் குடிப்பார். இரண்டு பேர் கூட்டாகத் தொழில் நடத்தினால் ஒருவருக்கு ஒன்று ஆகிவிட்டபின் பர்மிட் யாருக்கு என்று வழக்கு வரும், பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை என்று அவர் விளக்கினார். அப்பா வெகுநேரம் யோசித்துவிட்டு, "அப்ப நாங்க ரெண்டு பேரும் போயிட்டாலும் கம்பெனி சாகாதுங்கியளா?" என்று கேட்டார்.

"சாகாது அண்ணாச்சி. அதுக்குன்னு ஒரு பேரு, அதுக்குன்னு ஒரு முத்திரை. அது பாட்டுக்கு இருக்கும்."

கதவருகே நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டி என்றால் என்றைக்காவது ஓடித் தேய்ந்து பழைய இரும்புக்குப் போய்விடும். இது அப்படிப் போகாது. என் பெயர் சென்னையில் சர்க்கார் புத்தகத்தில் ஏறி, அங்கேயே இருந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குத் தமிழ் எழுதப் படிக்க வரும், இங்கிலீஷ் வராது. மாமாவுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் பெயர்கள் மட்டும் வரும். வீட்டில் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள், எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்த நான்தான். ஆகவே அந்த வருஷம் முழுவதும் கம்பெனிக் காகிதம் எது வந்தாலும் அப்பா உள்ளே பார்த்து என்னைத்தான் கூப்பிடுவார். முதல் காகிதமே என் கையால் எழுதியது. பெயர் கிடைக்குமா என்று சென்னையில் கம்பெனி ரிஜிஸ்திராரைக் கேட்டு ஒரு கடிதம் எழுத வேண்டும். ஆடிட்டர் வாசகத்தைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். என் பெயரை, அதன் பின்னால் மோட்டார் சர்வீஸ் பிரைவேட் லிமிடெட்டை, கோணாமல் எழுதி முடித்துவிட்டு மை காயும்வரை கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதில் வருவதற்குள் மெமோரண்டத்தைத் தயார் செய்துவிடலாம் என்று ஆடிட்டர் நகல் ஒன்றை அனுப்பினார். கம்பெனி எதற்காக, என்னென்ன தொழில் செய்யலாம் என்று சொல்லும் காகிதம் அது. அதை வரி வரியாக வாசித்து அப்பாவுக்கு அர்த்தம் சொன்னேன். பஸ் விடலாம், லாரி விடலாம், ஒர்க்‌ஷாப் வைக்கலாம், பெட்ரோல் விற்கலாம் என்பதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தார். கப்பல், ஆகாய விமானம் என்று வந்ததும் நிறுத்தச் சொன்னார். இந்த ரெண்டு ஊருக்கு நடுவில் நான் எங்கே ஏரோப்ளேன் விடுவது, யாராவது படித்தால் சிரிக்கமாட்டார்களா என்று அவருக்குக் கவலை. எழுதாமல் விட்டால் பின்னால் ஆசைப்பட்டாலும் செய்ய முடியாது, எழுதி வைத்தால் செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை என ஆடிட்டர் சொல்லி அனுப்பினார். தங்கைக்கு அந்த விமானம் ரொம்பப் பிடித்துவிட்டது. என்றைக்கு வரும் என்று மாமாவை விடாமல் கேட்டாள். விஷயம் புரியாத குழந்தை என்று அவளைப் பார்த்து நான் சிரித்தேன்.

சென்னையிலிருந்து பதில் வந்த அன்று நல்ல சாரல். அப்பாவும் மாமாவும் முன்னறையில் இருந்தார்கள். தபால்காரர் கொடுத்த உறையை அப்பா பிரிக்காமலே என்னிடம் நீட்டினார். நான் சத்தமாக வாசிக்கத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டேன்.

"என்னட்டி போட்டிருக்கு?" என்றார் அப்பா.

"இந்தப் பேரு குடுக்க முடியாதாம்."

"ஏன்?"

"இதே மாதிரி பேருல வேற கம்பெனி ஏற்கெனவே இருக்காம்."

எந்த ஊரில் என்று மாமா கேட்டார். அது கடிதத்தில் இல்லை. அப்பாவுக்கு வருத்தமே இல்லை. அம்மன் பெயர்தானே, ஊருக்கு ஒருவன் வைத்திருப்பான் என்று சிரித்தார். என் பெயர் செல்லாது என்ற சேதியை என் வாயாலேயே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். அம்மா அரைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். "அது ஒம்பேருன்னு ஒனக்கு யாரு சொன்னா, அம்மன் பேருல்லா வண்டிக்கு" என்றாள் நிமிராமல். இத்தனை வருஷமும் பஸ் ஸ்டாண்டில் நான் நிமிர்ந்து நடந்தது எதற்கு என்று எனக்கு விளங்காமல் போயிற்று.

ஆனாலும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. அடுத்த வாரம் வந்த ஆடிட்டர், முன்னால் ஊர்ப் பெயரைச் சேர்த்து மறுபடி எழுதிப் பார்க்கலாம் என்று தானாகவே சொன்னார். நான் பேனாவோடு தயாராக உட்கார்ந்திருந்தேன்.

"அதுக்கும் முடியாதுன்னு எழுதிட்டா?" என்று அப்பா கேட்டார்.

"இன்னும் நாளாகும். பர்மிட் புதுப்பிக்கிறதுக்கு முன்னாடி கம்பெனி நம்ம கையில இருந்தா நல்லது. யாருக்கும் இல்லாத பேரா ஒண்ணு சொல்லுங்களேன்."

அப்பா முற்றத்தைப் பார்த்தார். அங்கே தங்கை மழைத் தண்ணீரில் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்தாள். "சின்னவ பேரு ஒருத்தனுக்கும் இருக்காது. அதையே போடுங்க" என்றார்.

அவ்வளவுதான். ஒரு வாய் காபி குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. வாயில் நுழையாது என்று பதினொரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த பெயரை அன்றைக்கு அப்பா தடுக்காமல் முழுசாகச் சொன்னார். அது எப்படி எழுதுவது என்று ஆடிட்டர் என்னைத்தான் கேட்டார். ஒவ்வொரு இங்கிலீஷ் எழுத்தாக நான் சொன்னேன். பிறகு அவர் வாசகம் சொல்ல நான் எழுதினேன். என் மனசில் என்ன ஓடியது என்று அப்பா கவனிக்கவில்லை. ஊர்ப் பெயரைச் சேர்த்து ஒரு தடவை கேட்டுப் பார்த்திருக்கலாம். அவர்கள் மறுத்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும். கேட்டே பார்க்காமல் விட்டதுதான் தாங்கவில்லை.

தங்கையின் பெயர் மறுபேச்சில்லாமல் கிடைத்தது. மெமோரண்டத்தையும், கம்பெனியின் உள்விதிகளைச் சொல்லும் ஆர்ட்டிகிள்ஸையும் திருநெல்வேலியில் அச்சடித்தார்கள். புரூஃப் வந்தபோது திருத்தும் வேலையும் எனக்கு வந்தது. பக்கத்துக்குப் பக்கம் அவள் பெயர். எங்காவது எழுத்துப் பிழை இருக்காதா என்று ஏங்கிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. ஒரு நல்ல நாள் பார்த்து அப்பாவும் மாமாவும் கையெழுத்துப் போட்டார்கள். பெயர், தகப்பனார் பெயர், விலாசம், தொழில் என்று கட்டம் கட்டமாக எழுத வேண்டும். தொழில் என்ற இடத்தில் என்ன போடுவது என்று அப்பா என்னைக் கேட்டார். பஸ் முதலாளி என்று போடச் சொன்னேன். ஆடிட்டர் சிரித்து, வியாபாரம் என்று போட்டால் போதும் என்றார். சாட்சிக்கு நான் போடட்டுமா என்று கேட்டதற்கு, வயது வராதவர்கள் போட்டால் வம்பு என்று சொல்லித் தானே போட்டுக்கொண்டார். முத்திரைத் தாள், செலான், டைரக்டர்களின் விவரம் எழுதிய பாரம், ஆபீஸ் இருக்கும் இடத்தைச் சொல்லும் பாரம் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு மாமா கொல்லம் மெயிலில் சென்னைக்குப் போனார். அம்மா புளியோதரை கட்டிக் கொடுத்தாள். சர்ட்டிபிகேட் வந்ததும் அப்பா அதைக் கண்ணாடி போட்டு முன்னறையில் மாட்டினார். அதில் அசோகத் தூண் சிங்கங்களுக்குக் கீழே அவள் பெயர் இருந்தது.

இதோடு முடிந்திருந்தால் நான் ஒருவழியாகப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டு முன்னறைதான் கம்பெனியின் பதிவு பெற்ற ஆபீஸ். ஆகவே வாசலில் கம்பெனியின் பெயர்ப் பலகை கட்டாயம் இருக்க வேண்டும் என்பது சட்டமாம். நான் தினமும் நுழைகிற வாசலுக்கு மேலே தமிழிலும் இங்கிலீஷிலும் தங்கையின் பெயர் ஏறியது. மாட்டியவுடன் தெருவில் இறங்கி நின்று அழகு பார்த்த அப்பா என்னையும் கூப்பிட்டு, நேராக இருக்கிறதா என்று கேட்டார். நேராகத்தான் இருந்தது.

காகிதத்தில் பெயரைப் புடைப்பாக அழுத்தும் இரும்பு முத்திரை ஒன்று செய்து வந்தது. கைப்பிடியை அமுக்கினால் வட்டமாக அவள் பெயர் எழும்பி நிற்கும். வீட்டில் இருந்த வெள்ளைத்தாளை எல்லாம் தங்கை அதில் கொடுத்து அழுத்தி, தோழிகளுக்கு விநியோகம் செய்தாள். எனக்கும் ஒன்று கொண்டுவந்து தந்தாள். வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, படிக்கும்போதெல்லாம் விரலால் தடவிக்கொண்டிருந்தேன். ஏன் வைத்திருந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

பழைய வண்டிக்கு மறுபடி பெயர் எழுதிய அன்று ஷெட்டுக்குப் போனேன். பெயின்டர் உப்புத்தாள் போட்டு நெற்றியைத் தேய்த்துவிட்டு வெள்ளை அடித்திருந்தான். நல்ல வேலைக்காரன். பழைய எழுத்தின் தடம் எங்காவது தெரிகிறதா என்று பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தேன். ஒன்றுமே தெரியவில்லை.

இப்படி ஒரு பெருமை கிடைத்தால் நானாக இருந்தால் வானத்தில் பறந்திருப்பேன். தங்கைக்கு அது பெரிய உபத்திரவமாகப் போயிற்று. வண்டி நடுவழியில் நின்றால், "இன்னைக்கும் அவ படுத்துட்டாளே" என்று பையன்கள் அவள் காதுபடப் பேசுவார்கள். டயர் வெடித்தாலும் பழி அவள் தலையில்தான். பெரியவளாக ஆக, அவளுக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்துகொண்டன. தன் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டேன் என்று பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போனாள். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. நான் ஆசைப்பட்டுக் கிடைக்காததை அவள் வேண்டாமென்று தூக்கிப் போடுகிறாளே என்று எரிச்சலாக இருந்தது.

ஒரு ஆடி மாதம் குற்றாலத்துக்குப் போயிருந்தோம். அருவியில் பெண்கள் பக்கம் குளித்துவிட்டுத் தலையைத் துவட்டிக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்கு வந்தோம். கண்டக்டர் கூட்டத்தைப் பார்த்து வண்டியின் பெயரைச் சொல்லி, தென்காசி, தென்காசி என்று கூவிக்கொண்டிருந்தான். அங்கே நின்ற வெளியூர்ப் பையன்கள் சிலர் அதையே திருப்பிக் கூவிச் சிரித்தார்கள். அது ஒரு நிஜப் பெண்ணின் பெயர் என்றோ, அவள் அங்கேயே ஈரத் துண்டோடு நிற்கிறாள் என்றோ அவர்களுக்குத் தெரியாது. தங்கையின் முகம் சிவந்துவிட்டது. என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, மொதல்ல ஒம்பேருதான் எழுதிக் கேட்டாங்களாமே. அம்மா சொன்னா. நீயே வச்சுக்கிடேன். எனக்கு இது வேண்டாம்."

"வச்சுக்கிட இது என்ன பாவாடையாட்டி" என்றேன்.

"அப்பாகிட்ட நீ சொன்னா கேப்பாங்க."

அதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை. அவளே சொன்னாள். அப்பா ஆடிட்டருக்கு எழுதச் சொன்னார், நான்தான் எழுதினேன். கம்பெனியின் பெயரை மாற்ற வேண்டுமானால் பங்குதாரர்கள் கூடித் தீர்மானம் போட்டு, அதற்கு மேல் சர்க்காரிடமும் உத்தரவு வாங்க வேண்டும், பர்மிட்டுகளையும் மாற்ற வேண்டும், வெட்கத்துக்காகவெல்லாம் யாரும் அதைச் செய்வதில்லை என்று அவர் பதில் போட்டார். வேறு ஏதாவது பெயரைப் பற்றி அவர் யோசனை சொல்லியிருப்பாரா என்று கடைசி வரிவரை தேடி வாசித்தது நான் மட்டும்தான்.

இருபது வயதில் எனக்குச் சுரண்டையில் கல்யாணமானது. வீட்டுக்காரர் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். நல்ல இடம், பேசவும் சிரிக்கவும் தெரிந்த மனிதர். வீடு மட்டும் பஸ் போகிற சாலையில் இருந்தது. காலையிலும் மாலையிலும் எங்கள் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போகும். மாமியார் உள்ளே இருந்தபடியே, "ஒந்தங்கச்சி வந்துட்டா, உலையை வையி" என்பார். அவருக்கு அதுதான் கடிகாரம். அவர் பிரியமாகத்தான் சொன்னார். நான் அரிசி களைந்துகொண்டே பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அறுபதுகளின் நடுவில் மாமா நெஞ்சுவலியில் இறந்துபோனார். ஆடிட்டர் சொன்னபடியே கம்பெனி பாட்டுக்கு நடந்தது. மாமாவின் பங்குகள் அத்தைக்கு வந்தன. ஆனால் அத்தைக்கு ஆபீஸ் விவகாரங்களில் இஷ்டமில்லை. குறைந்தது இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்பதால், என்னைச் சேர்ப்பது பற்றி அப்பா சுரண்டைக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் பேசினார். அவர் என்னிடமே கேட்கச் சொல்லிவிட்டார். நான் யோசிக்கவே இல்லை, சரி என்றேன்.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடத் தென்காசிக்குப் போன அன்று, பாளையங்கோட்டையில் காலேஜில் படித்துக்கொண்டிருந்த தங்கை லீவுக்கு வந்திருந்தாள். முன்னறையில் அதே மேஜை. கம்பெனியின் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தி அதற்குக் கீழே போட வேண்டும். மேலே அவள் பெயர், கீழே என் பெயர். அப்பா கணக்கப்பிள்ளையைப் பார்க்க வெளியே போயிருந்தார். தங்கை எதிர் நாற்காலியில் உட்கார்ந்து நான் போடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா என்னக் கேக்கவே இல்லையே" என்றாள்.

"என்னத்த?"

"டைரக்டரா இருக்கியான்னு. எனக்கும்தான் வயசு வந்தாச்சு, இங்கிலீஷும் தெரியும். பேரு மட்டும் எம்பேரு."

நான் பேனாவை மூடினேன். "கம்பெனிக்கு ஒம்பேரு விழுந்த அன்னைலேர்ந்து எனக்கு ஒம்மேல வயித்தெரிச்சல், தெரியுமா" என்று கேட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொன்னதில்லை, வந்துவிட்டது.

"தெரியும்" என்றாள். "எனக்கு மட்டும் இல்லியா? எந்தக் காயிதம் வந்தாலும் அப்பா ஒன்னத்தான கூப்பிடுவாங்க. நீ கல்யாணமாகிப் போன பெறவும் எங்கிட்ட வாசிக்கச் சொல்லல. கவர்ல போட்டுச் சுரண்டைக்குக் குடுத்து விடுதாங்க, நம்ம வண்டியிலயே."

அது உண்மைதான். வாரத்துக்கு ஒரு முறையாவது கண்டக்டர் ஒரு கவரைக் கொண்டுவந்து தருவான். நான் அர்த்தத்தைத் தமிழில் எழுதித் திருப்பி அனுப்புவேன். அதை ஒரு வேலையாக மட்டுமே எண்ணியிருந்தேன். அவள் அதைப் பார்த்துப் பார்த்துப் புழுங்கியிருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மறைத்துக்கொள்ளவும் பார்க்கவில்லை. நான் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள்.

அப்படிப் பேசிக்கொண்டதால் மனசு கழுவிவிட்ட மாதிரி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். அடுத்த வருஷம் கம்பெனி மூன்றாவது வண்டி வாங்கியது. அதைச் சுரண்டை வழியிலேயே விடலாம் என்றார் அப்பா. கீழப்பாவூர் வழியாக ஆலங்குளத்துக்கு விட வேண்டும் என்று நான் நின்றேன். அந்தப் பக்கத்துச் சனங்கள் கடைக்கும் ஆபீசுக்கும் ஆலங்குளத்துக்குத்தான் போகிறார்கள், கீழப்பாவூர் நரசிம்மர் கோவிலுக்கும் ஆள் ஏறும் என்று வாதாடினேன். டைரக்டர்கள் இரண்டே பேர், ஆளுக்கொரு பக்கம். கடைசியில் அப்பா இறங்கி வந்தார். பர்மிட்டுக்கு வேண்டிய காகிதங்களை நானே தயார் செய்தேன்.

முதல் நாள் வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன். கீழப்பாவூரில் கூட்டம் அப்பி ஏறியது. நிற்க இடமில்லாமல் ஒரு பெண் தன் குழந்தையை என் மடியில் வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் சொன்னது பலித்துவிட்டது என்ற நினைப்பிலேயே ஆலங்குளம்வரை போனேன். வேறு எந்த நினைப்பும் வரவில்லை. ஸ்டாண்டில் இறங்கி, குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு நிமிர்ந்தேன். வெயிலில் வண்டியின் நெற்றி பளபளவென்று இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "அழகான பேரா வச்சிருக்காங்க, யாரு பேரு தாயி?" என்று கேட்டார்.

"எந்தங்கச்சி பேரு" என்றேன்.